நச்சுநிரலும் எச்சரிக்கையும்

பாபநாசம் அணையிலிருந்து மிகுந்த நீர் திறந்துவிடப்படும்பொழுது, தாமிரபரணிக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படும். அதனை முன்னரே அறிந்தோர் ஆடுமாடுகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் சென்று காத்துக்கொள்வர். கணினி உலகிலும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். பிறர் கணினியில் மறைவாகப் புகுந்து தீங்கு விளைக்கும் நிரலை நச்சுநிரல் என்பர். கணினிப் பாதுகாப்பு நிறுவனங்கள் தாம் கண்ட அரிய நச்சுநிரல்களை உலகறிய வெளியிடுகின்றன. இஃது ஏன்?

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம் அமைந்துள்ளது. 2019 செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'டிடிராக்' என்னும் ஒற்று நிரலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அக்டோபர் 28ஆம் நாள் அவ்வின நிரலின் மாதிரியொன்று ஆய்வாளர் கண்ணிற்பட்டது. அதனுள் கூடங்குள நிலையத்தைச் சுட்டும் எழுத்துகள் இருந்தன. செய்தி பரவியது, கவலையும் பரவியது. மறுநாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வெளிவந்தது. ஆயின் 30ஆம் நாள், நச்சுநிரல் காணப்பட்டது உண்மையே என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் நாளே தனக்குத் தகவல் கிடைத்ததாகவும், இணையத்தோடு தொடர்புடைய நிருவாகப் பணிக் கணினி ஒன்றே தாக்குண்டதாகவும், முதன்மையான உள்வலையமைப்பு தனித்திருந்ததாகவும் அது விளக்கியது.

இத்தகைய அறிவிப்புகளுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது பொதுநலம். நிரலின் அடையாளங்கள் வெளியிடப்பட்டால், பிறரும் அவற்றைக்கொண்டு தத்தம் கணினிகளைச் சோதித்துக்கொள்ளலாம். இரண்டாவது வாணிக நலம். எவரும் காணாததைக் கண்டவர் என்னும் புகழ் வாடிக்கையாளரை ஈர்க்கும். அன்றாடம் உலவும் நிரல்களைச் செய்தித்தாள்கள் பொருட்படுத்துவதில்லை. அரியதோ தலைப்புச் செய்தியாகும்.

இதனால் விளையும் குறையும் ஒன்றுண்டு. அரிய ஆபத்தே பெரிய ஆபத்தெனத் தோன்றும். பொதுமக்களோ, அறியாதவர் அனுப்பிய கோப்பைத் திறப்பதாலும் எளிய கடவுச்சொல்லை வைப்பதாலுமே பெரிதும் இடருறுகின்றனர்.

ஆதலின் அறிவிப்பைக் கேட்டவுடன் நடுங்குதலும் தகாது. ஆராயாது மறுத்தலும் தகாது. கண்டவர் யார், கண்டது எந்தக் கணினியில், சான்று யாது என வினவுதல் வேண்டும். பொறுப்புடையோர் உண்மையை உடனே அளவோடு உரைப்பின், வதந்திக்கு இடமிராது. வெள்ளச் செய்தி கேட்ட கரைவாழ்நர், வரும் நீர் எவ்வளவு என்று கேட்டறிந்து நடப்பதே அறிவுடைமை அன்றோ?