ஆட்கொணர்வு மனு

சிறைக் கதவு அடைபட்ட பின்னர் உள்ளிருப்போன் குரல் எவர் செவிக்கு எட்டும்? இவ்வினாவிற்குச் சட்டம் தரும் விடையே ஆட்கொணர்வு மனு. ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்னும் இலத்தீன் பெயரால் வழங்கும் இஃது, இங்கிலாந்தில் 1679-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உரம் பெற்றது. அடைபட்டவனைக் கொணர்ந்து நிறுத்தி, அடைத்ததற்குரிய ஆதாரத்தைக் காட்டுமாறு அடைத்தவரைப் பணிப்பதே இதன் பயன். அவன் குற்றவாளியோ அல்லனோ என்று மன்றம் ஈண்டு ஆராய்வதில்லை. எச்சட்டப்படி அடைத்தீர் என்றே வினவும். தக்க விடை இல்லையேல் விடுதலை கிட்டும்.

இதனை விளக்கச் சென்னை இராச்சியத்து வழக்கொன்று போதும். பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்தார். 1950 மார்ச்சு 1-ஆம் நாள், தடுப்புக் காவற் சட்டப்படி அவர்மீது புதியதோர் ஆணை பிறந்தது. தடுப்புக் காவலாவது, செய்த குற்றத்திற்குத் தண்டனையன்று; இனிச் செய்யக்கூடும் என்னும் ஐயத்தால் விசாரணையின்றி அடைத்தல். கோபாலன் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

1950 மே 19-இல் தீர்ப்பு வந்தது. காவலுக்குரிய காரணங்களை நீதிமன்றத்திற்கும் வெளியிடலாகாது எனத் தடுத்த 14-ஆம் பிரிவு செல்லாதாயிற்று. எனினும் மனு தள்ளப்பட்டது. சட்டமன்றம் வகுத்த முறை பின்பற்றப்பட்டால் அமையும் என்றனர் பெரும்பாலார். நீதிபதி பசல் அலியோ, அம்முறை நேர்மையுடையதாயும் இருத்தல் வேண்டும் என்று மாறுபட்டார். தனித்து நின்ற அக்கருத்தின் வழியே 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்றது. தோற்ற மனுவும் வீண்போகவில்லை.

தண்டனை பெற்ற கைதிக்கும் இவ்வாயில் அடைபடுவதன்று. திகார் சிறையில் மற்றொரு கைதி கொடுமைப்படுத்தப்பட்டதைச் சுனில் பத்ரா என்னும் கைதி நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதத்தையே மனுவாகக் கொண்டு, சிறைக்குள் நிகழும் கொடுமையையும் மன்றம் தடுக்கும் என 1979-இல் தீர்ப்பளித்தனர்.

அடைபட்டவன் வரவியலாதபோது, அவன் பொருட்டுத் தாயோ உடன்பிறந்தாரோ நண்பரோ மனுச்செய்யலாம். வைகைக் கரையிலுள்ள சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் உழைக்கும் ஏழைத் தாய் ஒருத்தி, முன்னர் இதற்கெனச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. 2004 ஜூலை 24 முதல் உயர் நீதிமன்றக் கிளை மதுரையிலேயே உளது. மன்றம் அணித்தே இருந்தும், இப்படியோர் உரிமை உண்டென்று அறியாதாள் அதன் படியேறாள். அவளுக்கு அதனை எடுத்துரைத்தல் கற்றோர் கடனாகும்.