கொத்துக்கு முந்திய இரும்பு

கேலக்ஸிக் கொத்து என்றால் கறுப்பு வானில் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் மின்னும் படம்தான் நினைவுக்கு வரும். கரும்பொருளை ஒதுக்கிவிட்டு நிறுத்துப் பார்த்தால் கணக்கு மாறும். அத்தனை கேலக்ஸிகளின் விண்மீன்களையும்விட, அவற்றின் இடைவெளியில் பரவிக் கிடக்கும் வாயு பல மடங்கு கனம். கோடிக்கணக்கான டிகிரியில் கொதிப்பதால் அது எக்ஸ் கதிர்களை வீசுகிறது.

24 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பெர்சியஸ் கொத்தின் வாயுவில் இரும்பு இருப்பதை 1976இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்தது. பெருவெடிப்பு தந்தது ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். இரும்பு வேண்டுமானால் விண்மீன் பிறந்து, வாழ்ந்து, வெடிக்க வேண்டும். பெருத்த விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து ஆக்சிஜனையும் மக்னீசியத்தையும் கொட்டிவிடும். இரும்பில் பெரும்பங்கு, எரிந்து முடிந்த விண்மீன்களின் எச்சமான வெள்ளைக் குள்ளன்களின் வெடிப்பில் வருவது. அவற்றுக்கு அவசரமே கிடையாது. நூறு கோடி ஆண்டு கழித்தும் வெடிக்கும்.

கேலக்ஸிக்குள் விளைந்த இரும்பு வெளியே வந்தது எப்போது? 2013இல் ஜப்பானின் சுசாக்கு விண்கலத் தரவுகள் பதில் தந்தன. பெர்சியஸின் வெளி விளிம்புவரை, எந்தத் திசையில் பார்த்தாலும், இரும்பின் விகிதம் சூரியனில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. கெட்டியான பாயசத்தில் பிறகு போடும் சர்க்கரை ஓரம்வரை போய்ச் சேராது. கொத்தின் சூடான வாயுவும் எளிதில் கலப்பதில்லை. ஆகவே கொத்து திரள்வதற்கு முன்பே, 1,000 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இந்த விண்மீன் வெடிப்புகளும் (சூப்பர்நோவாக்கள்) கருந்துளைகளும் கிளப்பிய காற்று இரும்பை வெளியே வாரி இறைத்திருக்க வேண்டும்.

அதே வாயுவை, 2016 பிப்ரவரியில் விண்ணுக்குப் போன ஹிட்டோமி விண்கலமும் பார்த்தது. அது தன் கருவியைத் தனிச்சுழிக்கு 0.05 டிகிரி மேலே குளிரவைத்து, ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் விழும்போது ஏறும் சூட்டை அளந்தது. சில வாரங்களில் கலம் தொலைந்துபோனது, பாவம். அதற்குள் பெர்சியஸின் குரோமியம், மாங்கனீசு, நிக்கல் ஆகியவை இரும்போடு சூரியனில் உள்ள அதே விகிதத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டது.

இரும்பு விளைந்த அப்படியொரு பழைய பட்டறையை நேரில் பார்க்கவும் முடிகிறது. தென்துருவத் தொலைநோக்கி கண்டுபிடித்த எஸ்பிடி 2349-56 என்ற, கொத்தாகத் திரண்டுவரும் கூட்டத்தில், சிலியின் ஆல்மா தொலைநோக்கி 14 கேலக்ஸிகள் நெருக்கியடித்து நிற்பதைக் காட்டியது. 2018இல் வெளியான செய்தி இது. பிரபஞ்சத்துக்கு 140 கோடி வயதானபோது கிளம்பிய ஒளி. நம் பால்வெளி ஆண்டுக்கு ஓரிரு சூரிய எடைக்கு விண்மீன் ஆக்குகிறது. அங்கே எல்லாமாகச் சேர்ந்து ஆயிரக்கணக்கில். நாம் பார்க்கும் அந்த நேரத்தில் பெருத்த விண்மீன்கள் வெடிக்கத் தொடங்கியாயிற்று. வெள்ளைக் குள்ளன்களில் பெரும்பாலானவற்றின் முறை இன்னும் வரவில்லை.