உய்ப்போனும் காண்போனும்: காணொளி விளையாட்டுகளைத் திரைப்படமாக்குவதில் எழும் சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

காணொளி விளையாட்டுகளைத் தழுவிய திரைப்படங்கள் கதைப் பஞ்சத்தாலோ தொழில்நுட்பக் குறையாலோ தோற்கின்றன என்பது பரவலான கருத்து. சிக்கலின் வேர் வேறிடத்தில் உள்ளது என்று இக்கட்டுரை கருதுகிறது. விளையாட்டில் ஒருவரிடமே இணைந்திருக்கும் செய்தலும் காண்டலும் திரையில் இரு வேறு ஆட்களிடம் பிரிந்துவிடுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உரைமரபில் வழங்கும் உய்ப்போன், காண்போன் என்னும் இணையைக் கொண்டு இப்பிரிவு இங்கு விளக்கப்படுகிறது. கேம் ஓவர் (2019), மாநாடு (2021) ஆகிய திரைப்படங்களும், திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டோடு தொடர்புடைய சி.சு. செல்லப்பாவின் வாடிவாசல் குறுநாவலும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, தழுவலாக்கம், மெய்ப்பாடு, உய்ப்போன், காலச்சுழல், வாடிவாசல்

முன்னுரை

இலக்கியத்திலிருந்து திரைக்கு வந்த தழுவல்கள் குறித்துத் தமிழில் ஆய்வுகளுக்குக் குறைவில்லை. தில்லானா மோகனாம்பாள் முதல் பூமணியின் வெக்கையைத் தழுவிய அசுரன் வரை, கல்கியின் பொன்னியின் செல்வன் வரை பல ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் இன்றைய மாணவர் தலைமுறை கதை கேட்கும் நேரத்தைவிட மிகுதியான நேரத்தைக் கைப்பேசி விளையாட்டில் செலவிடுகிறது. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நத்தம், வத்தலக்குண்டு வண்டிகளுக்காகக் காத்திருக்கும் கல்லூரி மாணவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். பப்ஜி செயலிக்கு இந்திய அரசு 2020 செப்டம்பரில் தடை விதித்ததும், அடுத்த ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்ததும் இத்தலைமுறைக்குப் பெரிய செய்திகள். அவர்கள் நாளை திரைப்படம் எடுக்கும்போது விளையாட்டே அவர்களுடைய மூலநூலாக இருக்கக்கூடும். விளையாட்டைத் திரைப்படமாக்குதல் எங்கே தடுமாறுகிறது என்பதை இப்போதே ஆராய்வது அதனால் தேவையாகிறது.

நம் நாட்டில் இதுவரை நிகழ்ந்தது பெரும்பாலும் எதிர்த்திசைப் பயணம். ரா.ஒன் (2011), கோச்சடையான் (2014) ஆகிய படங்கள் வெளிவந்தபோது அவற்றின் பெயரில் விளையாட்டுகள் உருவாக்கப்பட்டன. அவை விளம்பரத்தின் நீட்சியாகவே நின்றுவிட்டன. புகழ்பெற்ற காணொளி விளையாட்டு ஒன்றைப் பெயரோடும் பாத்திரங்களோடும் தமிழ்த் திரைக்குக் கொண்டுவரும் முயற்சி வேரூன்றவில்லை. எனினும் விளையாட்டின் விதியமைப்பைத் தமிழ்த் திரைப்படம் எடுத்தாண்டுள்ளது. கதையைத் தழுவுவதைக் காட்டிலும் இதுவே கூர்ந்து நோக்கத்தக்கது.

மேலை நாட்டு முயற்சிகள்

1993இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், காணொளி விளையாட்டைத் தழுவிய முதல் பெரிய ஹாலிவுட் படம். ஓடுதல், தாவுதல், எதிரியின் தலைமேல் குதித்தல் என்பவையே அவ்விளையாட்டின் உள்ளடக்கம். இவற்றில் கதையில்லை என்று அஞ்சிய படக்குழுவினர் டைனோசர்களின் வழிவந்தோர் வாழும் இணையுலகம் ஒன்றைக் கற்பித்தனர். விளையாடியவர்களுக்கு அது அன்னியமாகப்பட்டது, விளையாடாதவர்களுக்கும் விளங்கவில்லை. படம் வசூலில் தோற்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2023இல், அதே விளையாட்டு இயங்குபடமாக வந்து உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அப்படம் விளையாட்டின் நிறத்தையும் ஒலியையும் மாற்றாமல் காட்டியது. எனினும் விளையாடியவர்களின் பழைய நினைவைத் தட்டியெழுப்பியதற்கு அப்பால் அது என்ன செய்தது என்ற வினா எஞ்சுகிறது. வணிக வெற்றியைத் தழுவல் வெற்றியாகக் கொள்வதற்கில்லை.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் (விளையாட்டு 2013, தொலைக்காட்சித் தொடர் 2023) வேறு வகைச் சான்று. தொடரின் மூன்றாம் பகுதி விளையாட்டிலிருந்து பெரிதும் விலகியது. விளையாட்டில் ஆட்டக்காரர் பொறிகள் நிறைந்த ஓர் ஊரைத் தட்டுத்தடுமாறிக் கடக்க வேண்டும். தொடர் அந்த ஓட்டத்தைக் கைவிட்டு, அவ்வூரில் தனித்து வாழும் இரு ஆண்களின் இல்வாழ்வைக் காட்டியது. பலரும் சிறந்ததெனப் பாராட்டிய பகுதி அது. ஆட்டக்காரரின் கைக்கு வேலையற்ற இடத்தைத் தேர்ந்து அங்கே கதை சொன்னதால் கிடைத்த வெற்றி இது. அப்படியானால் கைக்கு வேலையுள்ள இடங்களைத் திரை என்ன செய்வது?

உய்ப்போன், காண்போன்

மெய்ப்பாட்டியல் முதல் நூற்பாவிலேயே பண்ணை என்னும் சொல் வருகிறது. உரியியல் இச்சொல்லுக்கு விளையாட்டு என்று பொருள் கூறுகிறது. சுவையைப் பற்றிய தமிழ்ச் சிந்தனை விளையாட்டுக் களத்திலிருந்து தொடங்குகிறது என்பது நம் பொருளுக்கு இயைபுடையது. இந்நூற்பாவின் உரையில் இளம்பூரணர் செயிற்றியனார் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். உய்ப்போனிடம் நிகழ்வது காண்போனுக்குச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். அச்சமுற்றவன் ஒருவன், அவனுடைய நடுக்கத்தையும் வியர்ப்பையும் கண்டு அச்சத்தை உணர்பவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையிலான தொலைவில்தான் கூத்தும் நாடகமும் நிகழ்கின்றன, திரைப்படமும் அவ்வாறே.

காணொளி விளையாட்டில் இத்தொலைவு இல்லை. பேய் துரத்தும்போது ஓடுவது ஆட்டக்காரரின் விரல். அதைத் திரையில் காண்பதும் அவரே. உய்த்தல் என்னும் சொல்லுக்கு நுகர்தல் என்ற பொருளோடு செலுத்துதல் என்ற பொருளும் உண்டு. ஆட்டக்காரர் இரு பொருளிலும் உய்ப்போன். அவர் அஞ்சுவது பாத்திரத்தின் நடுக்கத்தைக் கண்டன்று. தாம் தவறான பொத்தானை அழுத்திவிடுவோம் என்றே அஞ்சுகிறார். பல விளையாட்டுகளில் பாத்திரத்தின் முகம் தெரிவதே இல்லை. முதுகு மட்டும் தெரியும். முகம் அங்கே தேவைப்படுவதில்லை.

அதே விளையாட்டு திரைப்படமாகும்போது பொத்தான் பறிக்கப்பட்டு, ஆட்டக்காரர் காண்போனாக மட்டும் எஞ்சுகிறார். அவருக்குப் புதிதாக ஓர் உய்ப்போனைத் தர வேண்டும். அந்த உய்ப்போனுக்கு முகமும் மெய்ப்பாடும் வேண்டும். விளையாட்டுப் பாத்திரத்தின் உடையையும் படைக்கலத்தையும் துல்லியமாகப் படியெடுத்த படங்கள் உயிரற்று நிற்பதற்கு இக்குறையே காரணம். அப்பாத்திரம் விளையாட்டிலும் வெற்றுடலாகவே இருந்தது. உயிர் அதைச் செலுத்தியவரிடம் இருந்தது.

கேம் ஓவர்: விதியைத் தழுவுதல்

அஸ்வின் சரவணன் இயக்கத்தில் 2019 ஜூன் 14 அன்று தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த கேம் ஓவர் எந்த விளையாட்டின் தழுவலும் அன்று. ஆனால் இப்பொருளில் தமிழில் கிடைக்கும் தெளிவான சான்று அதுவே. டாப்சி பன்னு ஏற்ற ஸ்வப்னா என்னும் பாத்திரம் விளையாட்டுகளை வடிவமைப்பவள்; 1980இல் ஜப்பானில் உருவான பேக்-மேன் விளையாட்டை ஆடுபவள். முகமூடி அணிந்த கொலைகாரர்கள் அவளுடைய வீட்டைச் சூழ்கின்றனர். அவள் கொல்லப்படுகிறாள், மீண்டும் எழுகிறாள். அவளுக்கு வழங்கப்பட்டிருப்பவை மூன்று உயிர்கள்.

இப்படம் மூன்று முடிவுகளைச் சரியாக எடுத்திருக்கிறது. முதலாவது, கட்டுப்பாடு. ஸ்வப்னா சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வீட்டைவிட்டு ஓட முடியாது. ஒவ்வொரு விளையாட்டும் சில அசைவுகளை மட்டுமே அனுமதிக்கிறது. நடக்க இயலாத உடல், சில அறைகள், ஒரு துணைப்பெண் என இப்படமும் தன் களத்தின் எல்லையை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. ஆகவே எது இயலும், எது இயலாது என்பதைக் காண்போர் அவளோடு சேர்ந்து கணக்கிடுகின்றனர். பறிக்கப்பட்ட பொத்தானுக்கு ஈடாகக் காண்போருக்குக் கிடைப்பது இந்தக் கணக்கீடு.

இரண்டாவது, நினைவு. விளையாட்டில் பாத்திரம் இறந்து எழும்போது அதற்கு எதுவும் நினைவிராது. எந்தக் கதவின் பின்னால் எதிரி நிற்கிறான் என்பது ஆட்டக்காரருக்கே தெரியும். திரையில் ஆட்டக்காரர் இல்லாததால் அந்நினைவைப் பாத்திரத்தின் மனத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்வப்னா தன் சாவை நினைவில் சுமந்தபடி எழுகிறாள். அப்போது அவளுக்கு உண்டாகும் நடுக்கமே காண்போருக்குரிய மெய்ப்பாடு. ஆட்டக்காரரிடமிருந்த அறிவு இங்கே முகத்தில் தோன்றுகிறது.

மூன்றாவது, காரணம். மூன்று உயிர்கள் ஏன் என்று எந்த ஆட்டக்காரரும் கேட்பதில்லை. விதி என்றால் விதி. திரைப்படத்தில் அமர்ந்திருப்பவர் கேட்பார். இறந்துபோன ஒரு பெண்ணின் சாம்பல் கலந்த மையால் ஸ்வப்னாவின் உடலில் பச்சை குத்தப்பட்டதை இப்படம் காரணமாக்குகிறது. நீறும் பச்சையும் தமிழ்ப் பார்வையாளருக்கு விளக்கம் வேண்டாதவை. தொல்காப்பியம் அச்சத்துக்கு நிலைக்களனாகக் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கில் கள்வரை வாயிலுக்கு வெளியேயும் அணங்கை நாயகியின் தோலிலும் இப்படம் வைத்திருக்கிறது எனலாம். அச்சந்தரும் அணங்கே இங்கு காப்பாகவும் அமைவது புதுமை.

மாநாடு: மறுதொடக்கத்தின் சலிப்பு

வெங்கட் பிரபுவின் மாநாடு 2021 நவம்பரில் வெளிவந்தது. இதைக் காலச்சுழல் படம் என்பதே வழக்கு. அப்துல் காலிக் இறக்கும்போதெல்லாம் விமானத்தில் விழித்தெழுகிறான். விளையாட்டின் மறுதொடக்கம் இதுவே. இங்கும் விதிக்குக் காரணம் வேண்டியிருந்தது; உஜ்ஜயினியில் காலபைரவர் கோயிலில் அவன் பிறந்த கதை சொல்லப்படுகிறது.

ஒரே பகுதியை இருபது முறை ஆடுவது ஆட்டக்காரருக்குச் சலிப்பதில்லை; ஒவ்வொரு முறையும் அவருடைய கை தேறுகிறது. அதை அருகிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றாம் முறையே அலுத்துவிடும். படத்தொகுப்பாளர் கே.எல். பிரவீன் இச்சிக்கலைச் சுருக்கத்தால் தீர்க்கிறார். முதற்சுற்றில் முழுமையாக வந்த காட்சி பின்னர் ஒரு சொல்லாக, ஒரு பார்வையாக, கதவு திறக்கும் ஒலியாகக் குறுகிவிடுகிறது. விடுபட்டதை நிரப்பும் வேலை காண்போருக்கு வந்துசேர்கிறது.

எஸ்.ஜே. சூர்யா நடித்த தனுஷ்கோடி என்னும் காவல் அதிகாரியும் அதே சுழலுக்குள் வந்துவிடுவது இப்படத்தின் பெரிய பேறு. விளையாட்டின் எதிரி நிரலில் எழுதப்பட்டவன். நேற்றைய ஆட்டம் அவனுக்கு நினைவிராது. அத்தகைய எதிரியை நாடகம் தாங்காது. எதிரிக்கும் நினைவு வந்தபின் காலிக்கின் தேர்ச்சி பயனற்றுப்போகிறது. படம் இருவர் ஆடும் ஆட்டமாகிறது. அந்த ஆட்டத்தின் பணயம் ஒரு முதலமைச்சரின் உயிர், அதன்வழிப் பழிசுமத்தப்படவிருக்கும் ஒரு சமூகத்தின் உயிர். தமிழ் விமர்சனத்தில் ‘கேம் மாதிரி இருக்கிறது’ என்பது இழிப்பாகவே வழங்குகிறது. மாநாடு அவ்விழிப்புக்குப் போதிய மறுமொழி.

வாடிவாசல்: எழுத்தில் ஒரு முன்னோடி

விளையாட்டைக் கதையாக்கும் சிக்கல் கணிப்பொறியோடு பிறந்ததன்று. திண்டுக்கல் சமவெளியில் கொசவபட்டி, புகையிலைப்பட்டி போன்ற ஊர்களில் இன்றும் சல்லிக்கட்டு நடைபெறுகிறது. திமிலைப் பற்றியவன் மூன்று துள்ளல் தாங்கினால் வென்றான். விட்டுவிட்டால் காளை வென்றது. விதி இவ்வளவே. அணைபவனுக்கு அது சில நொடி. வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு அந்நொடிகளை எப்படித் தருவது?

வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா (1912–1998) இதை 1959இல் நூலாக வந்த வாடிவாசலில் எதிர்கொண்டார். மேலே கண்ட சிக்கல்களுக்கு அவர் அன்றே விடை கண்டிருப்பது வியப்பளிக்கிறது. விதியை விளக்க ஒரு கிழவரை வைக்கிறார். விளையாட்டின் முதற்கட்டம் கைக்குக் கற்றுத்தருவதைக் கிழவரின் பேச்சு செவிக்குக் கற்றுத்தருகிறது. பிச்சியின் தந்தை அம்புலி காரி என்னும் காளையால் உயிரிழந்தவர். தந்தையின் தோல்வியைச் சுமந்து வரும் மகன், முந்தைய ஆட்டத்தின் நினைவோடு களமிறங்கும் ஆட்டக்காரனே. ஒரே உயிர்தான், ஆனால் அது இரண்டாம் ஆட்டம். உஜ்ஜயினியும் பச்சையும் தேவைப்படாமல், குடும்பத்தின் வடுவைக் கொண்டே மறுதொடக்கத்தைச் செல்லப்பா அமைத்துவிட்டார்.

வெற்றிமாறன் இயக்கத்தில் சூர்யா நடிக்க இக்குறுநாவல் திரைப்படமாகும் என அறிவிக்கப்பட்டுள்ளது. காளையை எவ்வளவு மெய்யாகக் காட்டுவது என்ற தொழில்நுட்ப வினா அத்தழுவலுக்கு முதன்மையானதாக இராது. நாள்முழுதும் ஒளிபரப்பாகும் சல்லிக்கட்டில் மெய்யான காளைகளைக் கண்டு பழகியவர் தமிழ்ப் பார்வையாளர். பிச்சியின் கை திமிலில் விழும்போது படப்பெட்டி எங்கே நிற்கும் என்பதே வினா. அவன் தோளுக்குப் பின்னால் நின்றால் விளையாட்டின் கோணம் கிட்டும், முகம் கிட்டாது. முகத்துக்கு முன்னால் நின்றால் மெய்ப்பாடு கிட்டும்; களம் மறையும். செல்லப்பாவின் உரைநடை இவ்விரண்டுக்கும் இடையே வாக்கியத்துக்கு வாக்கியம் இடம் மாறிக்கொண்டே செல்கிறது.

குறுநாவலின் இறுதியைத் திரையில் காட்டுவது இதைவிடக் கடினம். பிச்சி விதிப்படி வென்றுவிடுகிறான். வெறிகொண்டு ஓடிய காரியை அதன் உரிமையாளரான ஜமீன்தார் சுட்டுவிடுகிறார். காளையில் விலங்காக நின்ற அச்சம் இங்கே இறையாக மாறுகிறது. எந்தக் காணொளி விளையாட்டிலும் இச்செயலுக்குப் பொத்தான் இல்லை. சல்லிக்கட்டின் விதியிலும் இதற்கு இடமில்லை. ஸ்வப்னாவும் காலிக்கும் விதிக்குள் நின்று வெல்கின்றனர். பிச்சி வென்றபின் விதிக்கு வெளியே ஒருவர் துப்பாக்கி எடுக்கிறார். அந்த நொடியில் பிச்சியும் வேலிக்கு வெளியே நிற்பவனைப் போலக் காண்போனாகிவிடுகிறான்.