தீர்க்கதரிசனத்துக்குத் தேதி போடலாமா?

உங்கள் நண்பன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் '1975' என்று எழுதியிருக்கிறது. உள்ளே, உலகக் கோப்பை கிரிக்கெட்டில் இனி வெல்லப்போகும் அணிகளின் பட்டியல். 1983 இந்தியா, 1996 இலங்கை, 2011 இந்தியா... எல்லாமே சரி! ஆனால் 2015-க்கு நேரே 'இந்தியா' என்று இருக்கிறது. வென்றதோ ஆஸ்திரேலியா. அதற்குப் பிறகு எல்லாம் தப்பு. அட்டையில் உள்ள தேதியை நம்புவீர்களா? 2011-க்கும் 2015-க்கும் நடுவில் எழுதியது என்று சட்டென்று சொல்லிவிட மாட்டீர்களா?

பழைய நூல்களை ஆராய்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

விஷ்ணு புராணம், பராசரர் தம் சீடர் மைத்ரேயருக்குச் சொல்வதாக அமைந்தது. அப்போது நாட்டை ஆள்பவன் அர்ச்சுனனின் பேரன் பரீட்சித்து. ஆகவே அவனுக்குப் பின்வந்த அரசர்கள் எல்லாரும் 'வருவார்கள், ஆள்வார்கள்' என்றே சொல்லப்படுகிறார்கள். நந்தர்களைக் கௌடில்யர் வேரறுப்பார். சந்திரகுப்தனை அரியணையில் ஏற்றுவார். பிறகு பிந்துசாரன், அசோகன்... கேட்பவருக்கு மெய்சிலிர்க்கும்தானே?

வாயு புராணத்திலும் இத்தகைய பட்டியல் உண்டு. அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். குப்தர்கள் கங்கைக் கரை, பிரயாகை, சாகேதம், மகதம் ஆகியவற்றை ஆள்வார்கள் என்கிறது. இது கி.பி. 320-ஐ ஒட்டி ஆண்ட முதலாம் சந்திரகுப்தன் காலத்து எல்லை. அவன் மகன் சமுத்திரகுப்தன் தெற்கே காஞ்சி வரை படை நடத்தினான். காஞ்சி மன்னன் விஷ்ணுகோபனைப் பிடித்து விடுவித்ததாக அலகாபாத் தூண் கல்வெட்டு பெருமைப்படுகிறது. அவ்வளவு பெரிய படையெடுப்பு இந்தப் பட்டியலின் கண்ணில் படவில்லை! அப்படியானால் பட்டியல் கடைசியாக நிரப்பப்பட்டது அதற்கு முன்னால்தான். புராணப் பட்டியல்களை ஒப்பிட்டு 1913-இல் நூல் வெளியிட்ட பார்ஜிட்டர் இப்படித்தான் காலத்தைக் கணித்தார்.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. கதை பரீட்சித்து காலத்தில் நடக்கிறது. பின்னால் வந்தவர்களைச் சேர்க்க எதிர்கால வினைச்சொல்லை விட்டால் வேறு வழி ஏது? ஓதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். நமக்கு அதனால் லாபம்தான். அரசர் வரிசையே அல்லவா கிடைத்திருக்கிறது!

பவிஷ்ய புராணத்தின் கதை வேறு. 1897-இல் பம்பாயில் அச்சான பதிப்பின் ஒரு பகுதியில் கபீரும் அக்பரும் வருகிறார்கள். ஆங்கிலேயர் கல்கத்தாவுக்கு வருகிறார்கள். 'சண்டே', 'பிப்ரவரி' என்ற சொற்கள்கூட சமஸ்கிருதச் செய்யுளுக்குள் எட்டிப் பார்க்கின்றன! அந்தப் பகுதிக்கு யாரும் பழங்காலத் தேதி போடமாட்டார்கள்.

இந்த வழியை நெடுங்காலத்துக்கு முன்பே கையாண்டவர் போர்பிரி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மொழி அறிஞர். விவிலியத்தின் தானியேல் நூல், பாபிலோனில் இருந்த தானியேல் பல நூற்றாண்டுகள் முன்கூட்டிச் சொன்னதாக அமைந்தது. அந்தியோக்கஸ் என்ற அரசனின் போர்கள் வரை அதில் எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் அவன் கடலுக்கும் புனித மலைக்கும் நடுவே பாளையம் இறங்கியபின் முடிவை அடைவான் என்கிறது. அவன் இறந்ததோ கி.மு. 164-இல், பாரசீகத்தில். நூல் எழுதப்பட்டது அதற்குச் சற்று முன்னால்தான் என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

போர்பிரியின் நூலை எரிக்கும்படி ரோமப் பேரரசு 448-இல் ஆணையிட்டது. மூலநூல் முழுதாகக் கிடைக்கவில்லை. அவரை மறுத்து எழுதிய ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர், மறுப்பதற்காக அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்த மறுப்பு நூல் வழியாகத்தான் அவை நமக்குத் தெரிகின்றன.