தேனியிலிருந்து கம்பத்துக்கு ஒரு 'குட்டிக் கடல்': உப்புநீர் மீன் தொட்டியை இடம் மாற்றுவது எப்படி?

வீடு மாறும்போது பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஒரே நடையில் 'குட்டி யானை'யில் ஏற்றி அனுப்பிவிடலாம். ஹாலில் இருக்கும் உப்புநீர் மீன் தொட்டியை மட்டும் அப்படி அனுப்ப முடியாது.

தேனியில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கம்பத்துக்கு டிரான்ஸ்ஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாக சுமார் 40 கி.மீ. தூரம்தான். ஆனால், தொட்டியில் இருக்கும் கோமாளி மீன்களுக்கு அந்த ஒரு நாள் வாழ்வா, சாவா என்று ஆகிவிடும். ஏதாவது தப்பு நடந்தால் அவசரத்துக்கு ஒரு குடம் கடல்நீர் எடுக்கக்கூட, வெகுதூரம் போக வேண்டும். அதனால் திட்டமிடல் ரொம்ப முக்கியம்.

முதல் கேள்வி: உள்ளே பவளம் இருக்கிறதா?

எப்படி மாற்றுவது என்பதற்கு முன்பு, மாற்றலாமா என்று பார்க்க வேண்டும். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகள், கடல் குதிரைகள் ஆகியவை வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலி, யானைக்கு இருக்கும் அதே அட்டவணை! உயிருள்ள பவளம் மட்டுமல்ல, செத்த பவளத் துண்டும் சட்டத்தின் பார்வையில் பவளம்தான். அனுமதியில்லாமல் வைத்திருப்பது, விற்பது, வண்டியில் ஏற்றிச் செல்வது எல்லாமே குற்றம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. 'கடையில் விற்றார்கள், வாங்கினேன்' என்ற பதில் எடுபடாது. தொட்டியில் இருப்பது என்னவென்று சந்தேகம் இருந்தால், வண்டி பேசும் முன்பே மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பவளத்தை இடம் மாற்றும் வேலை நம் கடலிலும் நடக்கிறது. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், மன்னார் வளைகுடாவில் சிதைந்த பாறைத் திட்டுகளை மீட்க, பவளத் துண்டுகளை கான்கிரீட் சட்டங்களில் கட்டி வளர்த்துவருகிறது. மும்பை கடற்கரைச் சாலைத் திட்டத்துக்காக 2020-இல் வொர்லி, ஹாஜி அலி பகுதிப் பவளங்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன. இவையெல்லாம் அரசு அனுமதியுடன், நிபுணர்கள் செய்த வேலைகள்.

கோமாளி மீனுக்கு இந்தத் தடை இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கோமாளி மீன்களைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. எனவே, சட்டப்படி மீன்களும் செயற்கைப் பாறையும் மட்டும் உள்ள தொட்டிக்கான வழிகாட்டுதல்தான் இனி வருவது.

மீன்கள் ஏன் சாகின்றன?

பயணக் களைப்பில் சாகும் மீன்கள் குறைவு. புது வீட்டுக்குப் போன இரண்டு, மூன்று நாளில் சாகும் மீன்களே அதிகம். காரணம், அம்மோனியா.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா உருவாகிறது. பாறையிலும் ஃபில்டரிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம்தான் தொட்டியைக் காப்பாற்றுகிறது. பாறை காய்ந்தாலோ, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ குளோரினில் அது அழிந்துவிடும். மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும்.

நன்னீர்த் தொட்டியைவிட இங்கே ஆபத்து அதிகம். கடல்நீரின் பி.எச். அளவு 8.2-ஐ ஒட்டி இருக்கும். பி.எச். 7 உள்ள நீரோடு ஒப்பிட்டால், அம்மோனியாவின் நச்சு வடிவம் இங்கே பத்து மடங்குக்கும் மேல்.

ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டியவை

* இடம்: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் தண்ணீர் மட்டுமே சுமார் 185 கிலோ. மணல், பாறை, கண்ணாடி தனி. புது வீட்டில் தரை மட்டமாக இருக்கிறதா, வெயில் படாத இடமா, பக்கத்தில் பிளக் பாயின்ட் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.
* தண்ணீர்: பழைய நீரில் பாதியைக் கொண்டுபோனால், மீதி 90 லிட்டரைப் புது வீட்டில் முந்தைய நாளே தயாரித்து வைக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் மூன்று கிலோவுக்கு மேல் மரைன் சால்ட் தேவை. சமையல் உப்பு கூடவே கூடாது. அதில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கிடையாது. ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள். விவசாயப் பகுதி போர்வெல் நீரில் நைட்ரேட் இருக்க வாய்ப்புண்டு.
* மின்சாரம்: மின்வாரியப் பராமரிப்புக்கான 'நாளைய மின்தடை' அறிவிப்பில் புது வீட்டுப் பகுதி வருகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.
* பட்டினி: கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். பையில் கழிவு குறையும்.

கிளம்பும் நாள்: வரிசை முக்கியம்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை ஏற்றுபவர்களுக்கு வெயில் என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மீனுக்கும் அதே கணக்குதான். விடியற்காலையில் கிளம்புவதே நல்லது. கோடை வெப்பத்தில் மன்னார் வளைகுடா பவளங்கள் 2010-லும் 2016-லும் வெளுத்துப்போயின. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்த நிலை என்றால், வண்டியில் இருக்கும் பக்கெட் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1. முதலில் தெளிந்த தண்ணீரை மூடியுள்ள, சோப்பு படாத டிரம்களில் இறைத்துக்கொள்ளுங்கள். மணலைக் கலக்கக் கூடாது.
2. பாறைகளை அதே தண்ணீரில் மூழ்க வையுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சும் அதில்தான். ஏர் பம்ப் ஓடட்டும்.
3. மீன்களைக் கடைசியாகப் பிடியுங்கள். பாறை இல்லாமல், தண்ணீரும் குறைந்த பிறகு துரத்த வேண்டியிருக்காது. பைக்கு ஒரு மீன்; மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று அல்லது ஆக்சிஜன்.
4. கடல்மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டியில் பைகளை அடுக்கி மூடுங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும்.
5. மணலையும் எடுத்த பிறகே தொட்டியைத் தூக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீரோடு தூக்கினாலும் கண்ணாடி ஒட்டிய சிலிக்கான் விட்டுவிடலாம். வண்டியில் தெர்மாகோல் ஷீட் மேல் நிமிர்த்தி வையுங்கள்.

அடி மணலில் நாள்பட்ட கழிவும், அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கியிருக்கும். அதை அப்படியே புதுத் தொட்டியில் கொட்டினால், அன்றைக்கே மீன்கள் செத்துவிடலாம். உப்புநீரில் நன்றாக அலசிப் போடுங்கள், இல்லையென்றால் புது மணல் வாங்கிவிடுங்கள்.

புது வீட்டில்

மணல், பாறை, தண்ணீர், பம்ப் என்ற வரிசையில் போங்கள். தண்ணீர் தெளிந்து, வெப்பநிலை 25-26 டிகிரியில் நின்று, உப்பின் அளவு சரியான பிறகே மீன். பையைத் தொட்டியில் 15-20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அடுத்த இரண்டு வாரத்துக்குத் தினமும் அம்மோனியா டெஸ்ட் செய்து பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் ஏறினால், தயாராக வைத்த உப்புநீரால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். தீனி பாதி போதும். பாவம் பசிக்குமே என்று அள்ளிப் போட்டால், அதுவே விஷமாகிவிடும். ஒரு மாதத்துக்குப் புது மீன் வேண்டாம்.

மிச்சமான உப்புநீரைத் தென்னை வேரிலோ திராட்சைக் கொடியிலோ ஊற்றாதீர்கள். வளர்க்க முடியாத மீனை முல்லைப் பெரியாற்றில் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். கடல்மீன் நன்னீரில் பிழைக்காது. புது வீட்டில் இடமோ நேரமோ இருக்காது என்று தெரிந்தால், தேனியிலேயே அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மீனுக்கு அதுதான் நல்லது.