ஆயரின் கோட்டையில் மூலான் ரூழ்: ஆல்பி அருங்காட்சியகத்தின் கதை

தெற்கு பிரான்சில், துலூஸ் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 75 கி.மீ. தூரத்தில், தார்ன் ஆற்றங்கரையில் ஆல்பி என்றொரு ஊர் இருக்கிறது. ஊர் முழுக்க செங்கல் நிறம். நடுவே கோட்டை மாதிரி நிற்கும் செங்கல் பேராலயம். அதன் பக்கத்திலேயே, அதே செங்கலில், 13ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய ஆயர்களின் அரண்மனை. இதற்கு பெர்பி அரண்மனை என்று பெயர். வட்டார ஒக்சிதான் மொழியில் ஆயரின் மனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கத்தார் மதக்குழுவினரை ஒடுக்கிய சிலுவைப் போருக்குப் பிறகு, ஊர்மக்களை நம்பாத ஆயர்கள் எழுப்பிய கட்டடம். அதனால்தான் அரண்மனை என்று சொன்னாலும் பார்க்கக் கோட்டை போலவே இருக்கும்.

இப்ப இதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். பாரிஸின் இரவு விடுதி நடனக்காரிகள், குடிகாரர்கள், விலைமாதர்கள். எல்லாம் ஆன்ரி த துலூஸ்-லோத்ரெக் வரைந்தவை. அவருடைய படைப்புகள் 1000-க்கும் மேல் இங்கே இருக்கின்றன. உலகத்திலேயே பொதுமக்கள் பார்க்கக்கூடிய மிகப் பெரிய லோத்ரெக் சேகரிப்பு இதுதான்.

பாரிஸில் வரைந்த படங்கள் ஏன் பாரிஸில் இல்லை? இந்த அருங்காட்சியகத்தின் வரலாறே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

லோத்ரெக் 1864 நவம்பர் 24 அன்று ஆல்பியில் பிறந்தவர். பழைய பிரபுக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் ஒன்றுவிட்ட சொந்தம். பிறவியிலேயே எலும்பு பலவீனம். 1878-லும் 1879-லும் அடுத்தடுத்து இரண்டு தொடை எலும்புகளும் முறிந்தன. அதன் பிறகு கால்கள் வளரவில்லை. குதிரையேற்றமும் வேட்டையும்தான் வாழ்க்கை என்றிருந்த அப்பாவுக்கு இந்தப் பிள்ளை பெரிய ஏமாற்றம். பையன் படுக்கையில் இருந்தபடி குதிரைகளை வரைந்தான். பிறகு பாரிஸ், மோன்மார்த்ர், இரவு விடுதிகள், சாராயம். 1891-ல் மூலான் ரூழ் விடுதிக்காகச் செய்த சுவரொட்டி ஒரே நாளில் அவரைப் பிரபலமாக்கியது. 1901 செப்டம்பர் 9 அன்று அம்மாவின் வீட்டில் இறந்தபோது வயது 36.

கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை. ஆக, ஓவியக்கூடத்தில் மிஞ்சியது எல்லாமே சட்டப்படி பெற்றோருக்கு வந்தது. அப்பாவுக்கு மகனின் ஓவியங்கள் மேல் மதிப்பே கிடையாது. தன் உரிமையை அவர் மோரிஸ் ஜோயான் என்பவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். யாரு இந்த ஜோயான்? லோத்ரெக்கின் பள்ளித் தோழர், பாரிஸில் ஓவிய வணிகர். வின்சென்ட் வான்கோவின் தம்பி தியோ நடத்திவந்த ஓவியக்கூடத்தின் பொறுப்பை அவருக்குப் பின் ஏற்றவரும் இவர்தான்.

ஒரு வணிகர் கையில் இவ்வளவு படங்கள் கிடைத்தால் என்ன செய்வார்? வித்துருப்பார்னுதான் தோணும். ஜோயான் செய்தது வேறு. படங்களை ஒழுங்குபடுத்திப் பட்டியலிட்டார், 1902-ல் ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார். லோத்ரெக்கின் தாய் அதேலும் இவரும் சேர்ந்து இந்தத் தொகுப்பைச் சிதறாமல் ஒரே இடத்தில் வைக்க வழி தேடினார்கள்.

பாரிஸின் அரசு அருங்காட்சியகங்கள் ஆர்வம் காட்டவில்லை. இது லோத்ரெக்குக்கு மட்டும் நடந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன்தான், ஓவியர் கயபோத் உயில் எழுதி வைத்த இம்ப்ரெஷனிச ஓவியங்களில் ஒரு பகுதியை மட்டும் அரசு ஏற்று மீதியை விட்டுவிட்டது. மோனே, செசான் படங்களுக்கே அந்த கதின்னா, விலைமாதர் விடுதியை வரைஞ்சவருக்கு என்ன மரியாதை கிடைச்சிருக்கும்?

இந்த இடத்தில் ஒரு அரசியல் மாற்றம் கை கொடுத்தது. 1905-ல் திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டம் பிரான்சில் வந்தது. பேராயர் வசித்த பெர்பி அரண்மனை திருச்சபையின் கையைவிட்டுப் போய், அருங்காட்சியகம் வைக்கத் தோதான இடமாக நின்றது. சொந்த ஊர் இடம் தர, 1922-ல் அதேல் தொகுப்பைக் கொடையாகக் கொடுத்தார். ஜோயானும், லோத்ரெக்கின் நெருங்கிய உறவினரான மருத்துவர் கப்ரியேல் தாபியே த செலேரானும் தங்களிடம் இருந்தவற்றையும் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் லோத்ரெக் காட்சிக்கூடங்கள் திறக்கப்பட்டன.

அதேல் தீவிர பக்தை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். மகன் வரைந்த உலகம் அவருக்கு எந்த வகையிலும் பிடித்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் நல்ல படம், கெட்ட படம் என்று பிரித்து எதையும் ஒளித்து வைக்கவில்லை. 1894-ல் வரைந்த மூலான் தெரு விடுதி ஓவியமும், அதற்கு முன்னோட்டமாகச் செய்த பேஸ்டல் படமும் இன்று ஆல்பியில்தான் இருக்கின்றன.

இதனால் நமக்கு என்ன லாபம்? தனித்தனியாக விற்றிருந்தால் புகழ்பெற்ற ஓவியங்கள் எப்படியும் பிழைத்திருக்கும். சிறுவயதுக் கிறுக்கல்கள், பாதியில் விட்ட படங்கள், முன்வரைவுகள் இவையெல்லாம் காணாமல் போயிருக்கும். ஆல்பியில் 1879-ல் பதினைந்து வயதுக்குள் வரைந்த, குதிரைக்குச் சேணம் பூட்டும் படைவீரனைப் பார்த்துவிட்டு, அப்படியே நடந்தால் கடைசி ஆண்டுகளின் இருண்ட படங்கள் வரை வந்துவிடலாம். நடுவே அவருடைய 31 சுவரொட்டிகளும் முழுத் தொகுப்பாக இருக்கின்றன. மழையில் நனைந்து கிழிந்து போகட்டும் என்று தெருச் சுவரில் ஒட்டிய காகிதங்கள் அவை!

2001-ல் தொடங்கிய சீரமைப்பு வேலை 2012-ல் முடிந்தது. இடையில் 2010-ல் பேராலயமும் அரண்மனையும் அடங்கிய ஆயர் நகரப் பகுதி யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இன்று ஆல்பிக்கு வருகிறவர்கள் முதலில் பேராலயத்தின் சுவரில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தைப் பார்க்கிறார்கள். பாவிகள் நரகத்தில் வேகும் காட்சி. அப்புறம் சில நிமிட நடையில் பக்கத்துக் கட்டடத்துக்குள் போய் லோத்ரெக்கின் பெண்களைப் பார்க்கிறார்கள். வேலை முடிந்து, அலுத்துப்போய், சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்கள். அவர்களை அவர் தீர்ப்பு எதுவும் சொல்லாமல்தான் வரைந்திருக்கிறார்.