பிண்டா: ஊர்ப்பெயரைத் திரும்பப் பெற்ற பூ

மழை சற்று ஓயும் ஆகஸ்ட், செப்டம்பரில் புனேக்காரர்கள் சிங்ககட் கோட்டைக்கும் சாத்தாரா அருகிலுள்ள காஸ் பீடபூமிக்கும் படையெடுப்பார்கள். இளஞ்சிவப்புத் தேர்டாவையும் மஞ்சள் சோன்கியையும் படமெடுக்கும் கூட்டம், புல்லுக்கு மேலே வெள்ளைக் குடை விரித்து நிற்கும் ஒரு செடியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதுதான் பிண்டா. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செடி.

பக்கத்தில் குனிந்து பார்த்தால் இது கொத்தமல்லியின் உறவு என்பது தெரிந்துவிடும். ஒரே இடத்திலிருந்து பிரியும் காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் குடை. நடுப்பூக்கள் சிறியவை. ஓரத்துப் பூக்களின் வெளி இதழ்கள் மட்டும் பெரிதாகி, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். மொத்தக் கொத்தையும் ஒரே பெரிய பூவாக வண்டுக்குக் காட்டும் வேலை அவற்றுடையது. பூக்கவிட்ட கொத்தமல்லியிலும் இதே அமைப்பைக் காணலாம். கேரட், சீரகம், சோம்பு, ஓமம், ஏன், நம் வல்லாரையும்கூட இந்தக் குடும்பம்தான்.

இதன் பெயருக்கு ஒரு நீண்ட கதை உண்டு. பம்பாய் மாகாணத்தின் தாவரங்களை ஆராய்ந்த நிக்கல் டால்செல், 1850இல் இதை ‘ஹெராக்ளியம் கொங்கனென்ஸ்’ என்று பதிவு செய்தார். பின்பாதி கொங்கணத்தைக் குறித்தது. முன்பாதி கிரேக்க வீரன் ஹெராக்ளிஸின் பெயர். சஹ்யாத்ரிச் செடி ஒன்று நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பெயரைச் சுமந்து நின்றது.

1986இல்தான் நிலைமை மாறியது. பிரசாந்த குமார் முகர்ஜியும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து லிங்கன் கான்ஸ்டன்ஸும், இது ஹெராக்ளியத்தோடு சேராது, தனிப் பேரினம் என்று நிறுவினார்கள். புதிய பேரினத்துக்கு அறிஞர் யாருடைய பெயரையும் சூட்டவில்லை. உள்ளூரில் வழங்கிய ‘பிண்டா’வையே வைத்தார்கள். மிகச் சரியான முடிவு. லத்தீன் இலக்கணத்துக்குள் மலைவாசியின் வாய்ச்சொல் நுழைந்தது, அந்தச் செடியை முதலில் அறிந்தவர்களுக்குச் செய்த மரியாதை.

இதே இருவர் 1974இல் நம் பக்கத்து மலைகளுக்கும் ஒரு பெயர் தந்திருக்கிறார்கள். ராபர்ட் வைட் ஹெராக்ளியத்தில் சேர்த்திருந்த, தமிழக, கேரள மலைகளுக்கே உரிய ஒரு செடியைப் பிரித்தெடுத்து ‘வனசுஷவா’ என்றார்கள். அது வடமொழிப் பெயர். மலைமக்கள் அதை எப்படி அழைத்தார்கள் என்பதையும் யாராவது தேடிப் பதிவு செய்ய வேண்டும்.

பிண்டா பல ஆண்டுகள் ஒற்றை இனப் பேரினமாகவே இருந்தது. அண்மையில் மகாராஷ்டிரத் தாவரவியலாளர்கள் இரண்டாவது இனத்தைக் கண்டறிந்து ‘பிண்டா ஸ்ரீரங்கி’ என்று பெயரிட்டார்கள். கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்ரீரங் யாதவின் பெயர் அதில் இருக்கிறது.